அவள் பிரவுசரை அமைத்தவன் நான்

செகந்திராபாத் பக்கத்துக் குஷாய்குடாவில் என்னைத் தெரியாதவர்கள் இப்போது நிறைய வந்துவிட்டார்கள். ஆகையால் முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இட்லி வண்டி போட்ட முதல் ஆள் நான். அந்த வண்டியை முனிசிபாலிட்டிக்காரர்கள் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். மறுநாள் காலை ஷிப்ட் பஸ் வருவதற்குள் அதே இடத்தில் என் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். வண்டியை மெஸ் ஆக்கினேன். மெஸ்ஸுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் போட்டேன், பிறகு ஜெராக்ஸ் போட்டேன். பாறைதான் இருக்கிறது, தண்ணீர் வராது என்று எல்லோரும் கைவிட்ட மனையை வாங்கி, போர் போட்டு, தண்ணீர் பார்த்து, இரண்டு மாடி கட்டினேன். கலவை போடுகிறவன் வராத நாளில் நானே கலவை போட்டேன். ஊரெல்லாம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று அலைந்த காலத்தில், எங்கள் தெருவில் முதல் பிரவுசிங் சென்டரைத் திறந்ததும் நான்தான். மகனை இன்ஜினியர் ஆக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினேன். மகளைப் படிக்கவைத்து, ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் நல்ல இடத்தில் கொடுத்தேன். இத்தனையையும் செய்தவன் திருநெல்வேலிச் சீமையில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியபோது தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது, இங்கிலீஷ் இன்றைக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் நான் யாரிடமும் பாராட்டுக் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம். கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, வருகிறவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். கம்ப்யூட்டரில் பிரவுசர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, இன்டர்நெட் பார்க்கிற ஜன்னல், அதை என் மனைவி தானே தேடிப் படிக்கிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். அது இப்போது வேறொருவர் பேரில் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் மனைவி என்னைவிடப் படித்தவள். எட்டாம் வகுப்பு வரை போனவள். பத்திரிகையைக் கையில் எடுத்தால் நான் தலைப்பை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளைக் கல்யாணம் செய்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தேன். ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும் நின்றுவிட்டாள். கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் தெலுங்கு, உருது, இங்கிலீஷ்.

"ஏங்க, என் கண்ணக் கட்டிவிட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அன்றைக்குச் சிரித்தேன். நமக்குப் படிப்பு இல்லாததால் எந்த ஊர்ப் பலகையும் ஒன்றுதான். அவளுக்கு அப்படி இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவள் எதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இது எந்த பஸ், இந்த மாத்திரை எப்போது போடுவது, கரண்ட் பில்லில் என்ன போட்டிருக்கிறது. பேச்சுத் தெலுங்கு வந்துவிட்டது, எழுத்து வரவில்லை. மெஸ் அடுப்பில் நின்றுகொண்டு எழுத்துப் படிக்க ஏது நேரம்? பிள்ளைகளிடம் கேட்டால் அவர்கள் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்லிவிட்டு ஓடுவார்கள். "கேட்டுக் கேட்டு வாயே கூசிப் போச்சு" என்பாள். கௌரவக்காரி. நான்கு முறை கேட்க வேண்டிய இடத்தில் ஒரு முறைதான் கேட்பாள். மிச்சத்தைத் தெரியாமலே விட்டுவிடுவாள்.

சர்க்கரை நோய் முதலில் வந்தது. பிறகு சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. பேகம்பேட்டில் ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நல்லவர்தான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வெகுநேரம் இங்கிலீஷில் பேசினார், இடையிடையே தெலுங்கு. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்.

"அவ்வளவு நேரம் தலைய ஆட்டுனீங்களே, என்ன சொன்னாரு?"

"எல்லாம் சரியாயிரும்னு சொன்னாரு."

"அவ்வளவு நேரமும் அத ஒண்ணத்தான் சொன்னாரோ?"

நான் ஆட்டோக்காரனிடம் வாடகை பேசப் போய்விட்டேன். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "எனக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குப் படிச்சுப் பாக்கணும். யாரும் சொல்ல வேண்டாம். நானே படிக்கணும்."

அவளுக்குத் தமிழில் படிக்க வேண்டும். தமிழில் எல்லாம் நெட்டில் வர ஆரம்பித்திருந்த காலம். நெட் என் கடையில் இருக்கிறது. அப்புறம் என்ன?

பிரவுசரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்த பையன் வந்து எதையாவது சரி செய்யும்போதெல்லாம் நான் பின்னால் நின்று பார்ப்பேன். மத்தியானம், ஷிப்ட் ஆட்கள் உள்ளே இருக்கிற நேரத்தில், கடை காலியாகக் கிடக்கும். அப்போது நானே உட்கார்ந்து தட்டிப் பார்ப்பேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் சொற்களை முகங்களைப் போலப் பழகி வைத்தேன். மேல் வரிசையில் கடைசிக்கு முந்தின சொல்லைத் தட்டினால் ஒரு பட்டியல் விழும். அதில் ஆக அடியில் இருப்பதைத் தட்டினால் ஒரு பெட்டி வரும். பிரவுசரின் குடல், ஈரல் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். ஒருநாள் நான் அதற்குள் கையை விட்டிருக்கும்போது அந்தப் பையன் வந்துவிட்டான்.

"சாச்சா, உஸ்கு ஹாத் நக்கோ லகாவ்." தொடாதே என்கிறான்.

"கைக்கு?" ஏன் என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

"பிகட்ஜாதா."

"கெட்டுப்போனால் சரிசெய்ய நீதானே வரவேண்டும்?" என்று என் இந்தியில் கேட்டேன்.

"ஹவ்." ஆமாம் என்கிறான்.

"அப்போ உனக்குத்தானே நல்லது. தள்ளி நில்."

அவன் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தான். கடைசியில் அவன் கேட்டு நான் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. அதை விடுங்கள்.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஷட்டரை இறக்குவதற்கு முன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரவுசரைத் துடைத்துவிடுவேன். யார் எந்தப் பக்கம் போனார், எதைத் தேடினார் என்ற தடயம் ஒன்றும் இருக்காது. பெண் பார்க்கிறவர்கள் வருவார்கள், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் வருவார்கள். ஒருவர் தேடியது அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. அப்படித் துடைத்துத் துடைத்து ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் துடைத்தாலும் அது நிற்கும். ஆனால் தேடும் பக்கத்தில் நாம் செய்கிற ஏற்பாடுகள், தமிழில் மட்டும் தேடு, இத்தனை முடிவு காட்டு, அசிங்கத்தைக் காட்டாதே என்பதெல்லாம் காலையில் வந்து பார்த்தால் இருக்காது. அவற்றைக் குக்கி என்கிற ஒன்றில் முடிந்து வைக்கிறார்கள். பிஸ்கட்டின் பேர். துடைத்தால் பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். ஆகவே கடைக் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு ஹாலில் ஜன்னலோரமாகக் கொண்டுவந்து வைத்தபோது முதல் சட்டம் போட்டேன்: இதை யாரும் துடைக்கக் கூடாது.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். முதலில் தமிழ் எழுத்து வரவில்லை, கட்டம் கட்டமாக வந்தது. சி.டி. போட்டு அதைச் சரிசெய்தேன். எழுத்தை ஆகப் பெரிதாக்கினேன். சில பக்கங்கள் அதற்கும் கட்டுப்படவில்லை. பக்கம் எழுதினவன் வைத்த அளவை மதிக்காதே என்று ஒரு டிக் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துப் போட்டேன். போட்டால் பக்கங்கள் இறகு பிடுங்கிய கோழி மாதிரி ஆகிவிடும், படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இருக்கட்டும், சர்க்கரையில் மங்கின அவள் கண்ணுக்கு எழுத்து தெரிந்தது. பிரவுசரின் தலையில் இலவசமாக வந்து ஒட்டிக்கொண்ட பட்டைகளையெல்லாம் கழற்றினேன். பாதித் திரையை அவைதான் தின்றுகொண்டிருந்தன. திறந்தவுடன் தேடும் பக்கம் மட்டும் வருகிற மாதிரி வைத்தேன். நடுவே ஒரு பெட்டி, அதற்குள் துடிக்கிற கோடு. வேறொன்றும் கிடையாது.

அவளுக்கு இன்னொரு பழக்கம். படித்து முடித்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டிவிடுவாள். கதவைத் திறந்தால் சாத்த வேண்டும், அது அவள் கணக்கு. சாத்தினால் தேடிய பட்டியலும் சேர்ந்து போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அப்படிச் செய்யாதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"திறந்தத மூடாம எப்படிங்க போறது?"

அவள் பழக்கத்தை மாற்ற முடியாது, கம்ப்யூட்டரை மாற்றலாம். தேடின முடிவைத் தட்டினால் அது தனி ஜன்னலில் திறக்கிற மாதிரி வைத்தேன். இப்போது அவள் அதைச் சாத்தினால் பின்னால் பட்டியல் அப்படியே நிற்கும். அவளுக்கு ஆச்சரியம். "சாத்துனாலும் போக மாட்டேங்கு" என்றாள்.

விசைப்பலகையில் இங்கிலீஷ் எழுத்து. அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டி, தமிழ் எழுத்தை எழுதினேன். பார்த்துவிட்டு, "இது 'ண'வா, நண்டா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, புதிதாக ஒட்டி, தானே எழுதினாள். உருண்டை உருண்டையான எழுத்து. ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

முதலில் அவள் தேடியது உப்பு. வெறும் உப்பு என்று தட்டினாள். உப்பு காய்ச்சுவதிலிருந்து உப்புச் சத்தியாக்கிரகம் வரை எல்லாம் வந்தது. அப்புறம் அவளாகவே, மனிதரிடம் கேட்கிற மாதிரி முழுசாகக் கேட்கப் பழகிக்கொண்டாள். சிறுநீரகம் கெட்டவர்கள் தேங்காய்ப்பால் சேர்க்கலாமா. டயாலிசிஸ் செய்தால் வலிக்குமா. கால் வீங்கினால் என்ன அர்த்தம். ஒருநாள் மார்பு வலி என்று தட்டியவள், திரையைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. வலியக் கேட்டா இது வேற என்னமோ காட்டுது."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு நடிகை. அசிங்கத்தை வடிகட்டுகிற ஏற்பாட்டை வீட்டில் போட மறந்திருந்தேன். உடனே போட்டேன். அதற்குப் பிறகு வெகுநாள், நான் கடையிலிருந்து வந்தால், "இன்னைக்கு உங்க ஆள் வரல" என்று கேலி செய்வாள்.

முதல் எழுத்தைத் தட்டினால், முன்பு கேட்ட கேள்விகள் கீழே வரிசையாக வந்து நிற்கும். அதையும் நான் வேண்டுமென்றே அணைக்காமல் வைத்திருந்தேன். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நான் கேட்டத இது மறக்கவே இல்ல, பாருங்க" என்பாள். நாங்கள்தான் மறந்துகொண்டிருந்தோம் என்று அதற்கு அர்த்தமா, எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

தெருவில் செய்தி பரவியது. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், தன் மாமனாரின் மூட்டு வலிக்கு என்ன செய்வது என்று கேட்டு வந்தாள். இவள் தமிழில் தேடி, படித்து, தன் தெலுங்கில் சொன்னாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவளிடம் மற்றவர்கள் வந்து கேட்கிறார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர்கள் நிற்கிறார்கள். நான் கடையை விட்டு வீட்டுக்கு வந்து அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாடி கட்டி முடித்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிறையவில்லை.

பேகம்பேட்டில் டாக்டர் முன்னால் என்னைத் தொட்டு, "பாஸ்பரஸ் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க" என்றாள். நான் கேட்டேன். டாக்டர் அவளைப் பார்த்து, "நெட்டா?" என்றார். ஆமாம் என்று அவளே தலையை ஆட்டினாள். அதிலிருந்து அவர் அவளைப் பார்த்துத்தான் பேசினார், மெதுவாக, தெலுங்கில். தனக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. தெரியாமல் இருந்தபோதுதான் பயந்தாள்.

அமெரிக்காவிலிருந்து மகன் லீவில் வந்தது டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு. இந்த ஊர் அப்பா அம்மாக்களுக்கு நான் சொல்வது புரியும். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் பெட்டியைத் திறந்து சாக்லேட் கொடுத்ததும், அடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய உட்கார்வார்கள். அது அவர்களுடைய பாசம். காலை அமுக்கிவிடத் தெரியாது, மருந்து கலக்கத் தெரியாது, இது தெரியும். என் மகனும் பாசக்காரன்தான். நாங்கள் இருவரும் டயாலிசிஸுக்குப் போயிருந்த பகலில் அவன் வீட்டில் இருந்தான். சாயங்காலம் வந்தோம். அவன் வாசலிலேயே அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.

ஜன்னலோரத்தில் புதுக் கம்ப்யூட்டர். தட்டைத் திரை. வயர் இல்லாத விசைப்பலகை, கருப்பு, மெலிசு, சோப்பு மாதிரி வழவழவென்று. புது பிரவுசர் திறந்திருந்தது. மேலே பட்டியலே இல்லை. எல்லாம் இங்கிலீஷ்.

"எப்படி இருக்கும்மா? பழசு ஃபுல் ஜங்க். தானிலோ ஏம் லேது. ஃபோட்டோஸ் எல்லாம் பேக்கப் எடுத்துட்டேன், வொர்ரி ஆகாதீங்க." பழையதில் ஒன்றும் இல்லை என்று தெலுங்கில் சொல்கிறான்.

அவள் திரையைப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "பழைய தட்டுற பலகை எங்க?"

"கபாடிவாலா வந்தான், எல்லாம் குடுத்துட்டேன். அந்த கீபோர்ட் மேல பிளாஸ்டர் பிளாஸ்டரா ஒட்டி, யாக், எவ்வளவு அழுக்கு. எப்படிம்மா அத யூஸ் பண்ணீங்க?"

வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். டயாலிசிஸ் முடிந்து வந்த கை, அதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சமையலறைக்கு வந்து சொன்னாள்: "பிள்ள ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கான். ஒண்ணும் சொல்லாதீங்க."

"உன் எழுத்தத் தூக்கிப் பழைய இரும்புக்காரன்ட்ட போட்டிருக்கான்ட்டி."

"அவனுக்குத் தெரியுமா? அதுவும் எழுத்துன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா போட்டிருப்பானா? சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அவன் லீவு முடிகிற வரை சும்மா இருந்தேன். அவன் அவளை உட்காரவைத்து, வீடியோவில் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். மவுஸின் மேல் அவள் கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து. போட்டோவும் எடுத்தான். அவள் சரி சரி என்றாள். எதிர்வீட்டு அம்மாள் ஏதோ கேட்டு வந்தாள். "கம்ப்யூட்டர் மாறிட்டும்மா, அப்புறம் பாத்துச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டாள். ஒருநாள் அவன் வெளியே போயிருந்தபோது அந்தத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "என்ன தேடணும், சொல்லு, கடைக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தூக்கம் பிடிக்காமல் போவது அதை நினைத்துத்தான். என்னிடம் கேட்க முடியாத ஒன்று, மகனிடம் கேட்க முடியாத ஒன்று, அதனிடம் கேட்க வேண்டியிருந்திருக்கிறது.

மகனை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் நான் வேலையில் உட்கார்ந்தேன். பழைய பிரவுசரை எனக்கு முகத்துக்கு முகம் தெரியும். இது புது ஆள். கடைசிக்கு முந்தின சொல் எங்கே என்று பார்த்தால் சொற்களே இல்லை, மூலையில் ஒரு சின்னப் படம். எதைத் தட்டினாலும் வேறெதோ திறந்தது. எழுத்து பெரிதாயிற்று, ஆனால் அளவை மதிக்காதே என்கிற டிக் அகப்படவில்லை. கம்ப்யூட்டர் பையன் துபாய்க்குப் போய்விட்டிருந்தான். கடையில் வருகிற காலேஜ் பிள்ளைகளைக் கேட்டேன், "எதுக்கு அங்கிள் அதெல்லாம்?" என்றார்கள். பிளாஸ்திரி அந்த வழவழப்பில் நிற்கவில்லை, காலையில் ஒட்டினால் சாயங்காலம் சுருண்டு எழுந்தது. கடையிலிருந்து பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். எழுதித் தா என்று அவளிடம் பேனாவை நீட்டினேன். கை வீங்கியிருந்தது. "நீங்களே எழுதுங்க, நண்டா இருந்தாலும் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஒருவழியாக முடித்தேன். நான் தோற்கிற ஆள் இல்லை. தேடும் பக்கம் தமிழில் வந்தது, வடிகட்டி போட்டேன், தனி ஜன்னல் போட்டேன், எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அளவில் நின்றது. நாற்காலியைத் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தாள். ஓர் எழுத்தைத் தேடித் தட்டினாள். கீழே ஒன்றும் வரவில்லை. இன்னோர் எழுத்தைத் தட்டினாள். காத்திருந்தாள்.

"நாம கேட்டதெல்லாம் போயிட்டுல்லா" என்றாள்.

"இனிமே கேளு. இனிமே கேக்கிறத இது ஞாபகம் வச்சுக்கிடும்."

"இனிமேயா" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டிய இரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பழையபடி என்னைப் பார்த்தாள். நான் பழையபடி தலையாட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

முதல் வருஷத் திதிக்கு மகனால் வர முடியவில்லை. மகள் வந்திருந்தாள். சாப்பாடெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா அம்மாவைப் பத்தி எழுதியிருக்கான்ப்பா. அவன் பிளாக்ல. எல்லாரும் அழுதுட்டாங்க." இங்கிலீஷில் இருந்ததைத் தமிழும் தெலுங்குமாக எனக்குச் சொன்னாள். நோயாளியான தன் தாய்க்கு அவன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது. அந்த வயதில் இன்டர்நெட் பழக்கியது. அவள் தன் நோயைப் பற்றித் தானே தேடித் தெரிந்துகொண்டு, டாக்டரையே கேள்வி கேட்டது. மவுஸின் மேல் இரண்டு கைகள் இருக்கிற அந்தப் போட்டோ. கீழே யார் யாரோ எழுதியிருக்கிறார்கள், உன்னைப் போல மகன் கிடைக்க அவள் கொடுத்துவைத்தவள் என்று.

"நல்லா எழுதியிருக்கான்" என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. பாஸ்பரஸ் விஷயத்தை நான்தான் போனில் அவனிடம் சொல்லியிருந்தேன்.

"அப்பான்னு எங்கயாவது வருதா?"

அவள் மேலும் கீழும் தேடினாள். "வருதுப்பா. ஒரு இடத்துல."

"என்னன்னு?"

"அப்பா ஒரு சின்னக் கடை வச்சிருந்தார்னு."

"சின்னக் கடையா?"

"விடுங்கப்பா. அவன் வேணும்னு எழுதல."

வேண்டுமென்று எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். மகனே, கம்ப்யூட்டர் வாங்கியது நீதான், இல்லையென்று சொல்லவில்லை. அது வந்த பிறகு அவள் அதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். இப்போது பிடிக்க அவள் இல்லை. ஆகையால் சொல்கிறேன். உப்பு என்று தட்டி, தேங்காய்ப்பால் என்று தட்டி, தனக்கு வந்திருப்பது என்னவென்று யாரையும் கேட்காமல் அவள் படித்துக்கொண்டது, நீ பழைய இரும்புக்குப் போட்ட கம்ப்யூட்டரில். அவளுக்கு ஏற்ற மாதிரி அந்தப் பிரவுசரை ஒவ்வொன்றாக அமைத்தவன் நான். எழுத்தைப் பெரிதாக்கியது நான். தமிழில் மட்டும் தேட வைத்தது நான். சாத்தினாலும் போகாமல் நிறுத்தியது நான். அவள் கேட்டதை மறக்காமல் வைத்திருக்கச் செய்தது நான். மூன்றாம் வகுப்பு.

நீ எழுதியதை அழிக்க வேண்டாம். அவர்கள் அழுதது அழுததாக இருக்கட்டும். அதன் கீழே, இங்கிலீஷிலேயே, இதைச் சேர். அம்மாவுக்காகத் தேடலை எளிதாக்கிக் கொடுத்தது என் அப்பா, எனக்கு அது தெரியாமல் இருந்தது என்று எழுது. என்னால் படிக்க முடியாது, உன் தங்கை படித்துச் சொல்வாள். சின்னக் கடை என்பதையும் மாற்று. எழுதிவிட்டு எனக்குப் போன் செய்.